மெமரி ஃபோம் மெத்தை வாங்குமுன் அடர்த்தியைக் கேளுங்கள்

மெத்தை வாங்கப் போகும் சொந்தக்காரர்கள் கடைக்குக் கிளம்புமுன் எனக்கு ஒரு போன் போடுவது வழக்கமாகிவிட்டது. கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: "எட்டு இஞ்ச் வாங்கட்டுமா, பத்து இஞ்ச் வாங்கட்டுமா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றே: "ஒவ்வொரு அடுக்கோட அடர்த்தி எவ்வளவுன்னு எங்கயாவது போட்டிருக்கா?" அநேகமாகப் போட்டிருக்காது. ஜெல் போட்டிருக்கும், கற்றாழை போட்டிருக்கும், மூங்கில் துணி போட்டிருக்கும், பெரிய எழுத்தில் உத்தரவாத வருடங்கள் போட்டிருக்கும். அந்த ஒரு எண் மட்டும் இருக்காது.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் என் சித்தப்பா. நுரை வெட்டும் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். ஆள் உயர நுரைப் பாளங்களை மேசையில் நிறுத்தி, பட்டை ரம்பத்தில் தள்ளித் தகடு தகடாக அறுப்பார். குழி விழுந்த பழைய மெத்தைகளும் அங்கே வந்து சேரும். ஒருமுறை அப்படி வந்த ஒன்றின் உறையைக் கிழித்து என்னிடம் காட்டினார். மேலே இருந்த மெமரி ஃபோம் அடுக்கு இன்னும் நன்றாகவே இருந்தது. அமுக்கினால் மெல்ல எழுந்தது. அடியில் இருந்த வெள்ளை நுரையோ இடுப்பு வரும் இடத்தில் விரல் தடிமனுக்குச் சப்பையாகியிருந்தது. நகத்தால் கிள்ளினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "மேல இருக்கறத எல்லாரும் தொட்டுப் பாக்கறாங்க. ஆளைத் தாங்கறது கீழ இருக்கறதுதான். அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல" என்றார். இன்றுவரை யார் கேட்டாலும் நான் சொல்வது அதன் விரிவாக்கம்தான்.

மெமரி ஃபோம் என்பது என்ன என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இது விண்வெளி வீரர்கள் படுத்துத் தூங்கச் செய்த படுக்கை என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் 1966ல், நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்கான பணியில், விமான இருக்கைகளின் மெத்தை விபத்து அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் உறுத்தக் கூடாது என்பதற்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது. எண்பதுகளில் அந்தத் தொழில்நுட்பம் பொதுவுக்கு வந்தது. அதைக் கட்டில் மெத்தையாக உருப்படியாகத் தயாரித்து 1991ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனைச் சேர்ந்த நிறுவனம். அப்படிப் பார்த்தால் இதன் பூர்வீகம் இருக்கையே தவிர விண்கலத்துப் படுக்கை இல்லை.

வேதியியல்படி இதுவும் சோஃபாவுக்குள் இருக்கும் அதே பாலியூரித்தேன் நுரைதான். வித்தியாசம் வெப்பத்தில் இருக்கிறது. சாதாரண நுரை இறுகிய நிலையிலிருந்து இளகிய நிலைக்கு மாறும் வெப்பம் பூஜ்ஜியத்துக்கும் வெகு கீழே இருக்கும். எந்த அறையில் போட்டாலும் அது இளகியே இருக்கும், விட்டால் துள்ளி எழும். மெமரி ஃபோமில் சேர்மானத்தை மாற்றி, அந்த மாற்றம் அறை வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே நடக்கும்படி செய்திருக்கிறார்கள். அதனால் உடல் சூடு பட்ட இடம் இளகிக் கொடுக்கிறது, படாத இடம் இறுக்கமாக நிற்கிறது. தோள்பட்டை அமிழ, இடுப்பு அமிழ, இடையில் உள்ள வளைவு தாங்கப்படுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டால் நமக்குத் தெரியாததும் இந்த மந்தமான குணத்தால்தான்.

இதிலிருந்தே ஒரு நடைமுறைச் செய்தி கிடைக்கிறது. குளிரூட்டிய காட்சியறையில் நீங்கள் அமுக்கிப் பார்க்கும் மெத்தை, உங்கள் படுக்கையறையில் அதே மெத்தை அல்ல. குளிரில் விறைப்பாகத் தெரிந்தது, வெப்பமான அறையில் ஒரு படி மெதுமெதுப்பாகிவிடும். மாறாக, கடுங்குளிரில் தூங்குபவருக்கு முதல் சில நிமிடங்கள் பலகையில் படுத்ததுபோல் இருக்கலாம். உடல் சூடு ஏறிய பிறகே இறங்கிக்கொடுக்கும். வீட்டில் அறை எப்படி இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே கடையில் படுத்துப் பாருங்கள்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன்.

அடர்த்தி வேறு, விறைப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பெரும்பாலான தவறான தேர்வுகள் நடக்கின்றன. அடர்த்தி என்பது ஒரு கனமீட்டர் நுரையின் எடை. அதற்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது, எவ்வளவு காற்று இருக்கிறது என்பதன் கணக்கு. விறைப்பு என்பது அதை அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. அடர்த்தி அதிகமான நுரை மிருதுவாகவும் இருக்கலாம், அடர்த்தி குறைந்த நுரை கெட்டியாகவும் இருக்கலாம். நுரைக்குப் பக்குவம் சேர்ப்பவர் இரண்டையும் தனித்தனியே மாற்ற முடியும். முதல் நாள் படுக்கும்போது நமக்குத் தெரிவது விறைப்பு மட்டும். வருடங்கள் போனபின் தெரிவது அடர்த்தி. கையால் அமுக்கி "கெட்டியா இருக்கு, நல்ல மெத்தை" என்று முடிவு செய்பவரிடம் நான் வாதாடுவது இதனால்தான்.

மெமரி ஃபோமில் கனமீட்டருக்கு 48 கிலோவுக்குக் கீழே இருப்பதைக் குறைந்த அடர்த்தி என்பார்கள். 48 முதல் 80 வரை நடுத்தரம். 80க்கு மேல் உயர் அடர்த்தி. தினமும் படுக்கும் மெத்தைக்கு மேலடுக்கு 50ஆவது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. விருந்தினர் அறைக்கு, எப்போதாவது யாராவது படுப்பதற்கு, 40ம் போதும். 80க்கு மேல் போனால் உழைப்பு நன்றாக இருக்கும், ஆனால் சூடு தேங்கும், புரண்டு படுப்பதும் சிரமம், தூக்கிப் புரட்டவும் ஆள் வேண்டும். எல்லோருக்கும் அது தேவையில்லை.

கீழடுக்கு சாதாரண நுரையாகவோ, துள்ளல் அதிகமான எச்.ஆர். நுரையாகவோ இருக்கும். அங்கே 30க்குக் குறையாமல் பாருங்கள். படுப்பவர் கனத்த உடம்புக்காரர் என்றால் 35ஐ ஒட்டிக் கேளுங்கள். சித்தப்பா காட்டிய அந்த உதிரும் நுரை தூக்கினாலே காற்றாக இருந்தது. "முழுக்க முழுக்க மெமரி ஃபோமா?" என்று சிலர் கேட்பார்கள், ஏதோ கலப்படம் செய்துவிட்டதுபோல. முழுக்க மெமரி ஃபோமாகச் செய்தால் உடம்பு இறங்கிக்கொண்டே போகும், நிறுத்த ஆள் இருக்காது. மேலே 5 முதல் 8 சென்டிமீட்டர் மெமரி ஃபோம், கீழே நல்ல தாங்கு நுரை என்பதே சரியான கட்டமைப்பு. 2 சென்டிமீட்டர் மெமரி ஃபோமை வைத்துவிட்டு அந்தப் பெயரில் விற்பதும் நடக்கிறது. ஆகவே மொத்தத் தடிமனைக் கேட்டுத் திருப்தி அடையாமல், அடுக்குவாரியாகத் தடிமனைக் கேளுங்கள்.

அடர்த்தியைச் சொல்ல மறுத்தால்? அல்லது சொன்னது நிஜமா என்று சந்தேகம் வந்தால்? எடையை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் தடிமன் உள்ள மெத்தையை எடுத்துக்கொள்வோம். மேலே 5 சென்டிமீட்டர், 50 அடர்த்தி என்கிறார்கள். 2 பெருக்கல் 1.5 பெருக்கல் 0.05 என்றால் 0.15 கனமீட்டர்; அதை 50ஆல் பெருக்கினால் 7.5 கிலோ. கீழே 15 சென்டிமீட்டர், 32 அடர்த்தி என்கிறார்கள். 0.45 கனமீட்டர், 32ஆல் பெருக்கினால் 14.4 கிலோ. ஆக நுரை மட்டும் ஏறக்குறைய 22 கிலோ. உறைக்கு ஒன்றிரண்டு கிலோ சேர்த்தால் 23, 24 வர வேண்டும். இப்போது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எடையைப் பாருங்கள். அதில் 15 கிலோ என்று இருந்தால், உறையைச் சேர்த்தாலும் சராசரி 25தான் வருகிறது. சொன்ன இரண்டு எண்களில் ஏதோ ஒன்றாவது பொய். அக்கா வீட்டுக்கு மெத்தை பார்த்தபோது விற்பனையாளர் முன்னாலேயே இந்தக் கணக்கைப் போனில் போட்டுக் காட்டினேன். அவருக்கே அது புதிதாக இருந்தது. உள்ளே போய், வேறொரு மெத்தையின் விவரத் தாளை எடுத்துவந்து கொடுத்தார்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. எடை குறைந்தால் ஏதோ சரியில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். எடை இருப்பதாலேயே நல்லது என்று சொல்லிவிட முடியாது. துண்டு நுரைகளை அரைத்துப் பசை போட்டு அழுத்திச் செய்யும் மறுபிணைப்பு நுரை மிகவும் கனமானது, மிகவும் கெட்டியானது. வெட்டுமுகத்தில் பல நிறப் பொட்டுகள் தெரியும். அது மெத்தைக்கு அடியில் மெல்லிய அடுக்காக இருப்பதில் தவறில்லை. ஆனால் அதைக் காட்டி "உயர் அடர்த்தி" என்று விளம்பரம் செய்தால், நீங்கள் கேட்ட அடர்த்தி அதுவல்ல. நுரைக்குள் சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பிகளைச் சேர்த்து எடை ஏற்றும் வழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட நுரை எடை காட்டும், உழைக்காது. உறையில் ஜிப் வைத்து உள் அடுக்குகளைக் காட்டத் தயாராக இருப்பவரிடம் வாங்குவது எனக்குப் பிடிக்கும். வெட்டிய மாதிரித் துண்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது. அந்தத் துண்டைக் கையில் வாங்கி உள்ளங்கையால் பத்து விநாடி அமுக்கிவிட்டு எடுங்கள். கைத்தடம் சில விநாடிகளில் மெல்ல நிரம்ப வேண்டும். எடுத்த வேகத்தில் துள்ளி எழுந்தால் அது மெமரி ஃபோமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

அடர்த்தி தரத்தைச் சொல்லும். உங்களுக்கு ஏற்றதா என்று சொல்லாது. அதற்கு நீங்கள் எப்படிப் படுப்பவர் என்று தெரிய வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் இறங்க இடம் வேண்டும். மேலடுக்கு தடிமனாகவும் சற்று மிருதுவாகவும் இருப்பது நல்லது. என் அம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் ஒரு பக்கத் தோள் மரத்துப்போயிருக்கும். கெட்டி மெத்தைதான் உடம்புக்கு நல்லது என்று பிடிவாதமாக இருந்தார். ஒருக்களித்தே தூங்கும் மெலிந்த உடம்புக்கு அந்தக் கெட்டி மெத்தை தோளெலும்பில் மட்டுமே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய மெத்தை நன்றாக இருந்ததால் அதை மாற்றாமல், மேலே 5 சென்டிமீட்டர் மெமரி ஃபோம் விரிப்பு மட்டும் போட்டோம். மரத்துப்போவது நின்றது. மெத்தை குழி விழாமல் நன்றாக இருந்து, விறைப்பு மட்டும்தான் தொந்தரவு என்றால் முதலில் இதை யோசியுங்கள். குழி விழுந்த மெத்தைமேல் விரிப்புப் போட்டால் விரிப்பும் அதே குழிக்குள் இறங்கிவிடும்.

மல்லாந்து படுப்பவருக்கு இடைத்தரமான விறைப்பு. குப்புறப் படுப்பவருக்கு இடுப்பு இறங்கவே கூடாது. இறங்கினால் முதுகு வில்லாக வளைந்து காலையில் நோகும். அவர்களுக்கு மெல்லிய மேலடுக்கே போதும். உண்மையைச் சொன்னால் மெமரி ஃபோம் அவர்களுக்கு அவ்வளவு பொருத்தமான பொருளே அல்ல. உடல் எடையும் இதே மாதிரிதான் கணக்கில் வரும். 50 கிலோ உள்ளவருக்குக் கெட்டியாகத் தெரியும் மெத்தை 100 கிலோ உள்ளவருக்கு மிருதுவாகத் தெரியும். தம்பதியில் ஒருவர் மட்டும் கடைக்குப் போய் வாங்கி வருவது சரிப்படாது.

முதுகுவலிக்காரர்களுக்குப் பலகைபோல் கெட்டியான மெத்தைதான் நல்லது என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பெயினில் நடந்து 2003ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று இதை நேரடியாகச் சோதித்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரைப் பிரித்து, சிலருக்குக் கெட்டி மெத்தையும் சிலருக்கு நடுத்தர விறைப்புள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். வலியும் அன்றாட வேலைகளில் வரும் சிரமமும் அதிகம் குறைந்தது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான். அதற்காக எந்த மெத்தையும் மருந்தாகிவிடாது. கால் மரத்துப்போகிறது, வலி காலுக்கு இறங்குகிறது என்றால் மெத்தைக் கடைக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

சூட்டைப் பற்றிய புகார் நியாயமானது. உடம்பு அமிழ்வதால் நுரையோடு ஒட்டும் பரப்பு கூடுகிறது. நுரையோ வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். ஜெல் கலந்தது குளிர்ச்சி என்பது முதல் கொஞ்ச நேரத்துக்கு உண்மை. பிறகு ஜெல்லும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுகிறது, அதற்கப்புறம் வித்தியாசம் சொற்பம். காற்று உள்ளே போய்வரும்படி திறந்த கண்ணறைகளோடு செய்த நுரை, மெல்லிய பின்னல் துணி உறை, அடியில் காற்றோட்டம் உள்ள கட்டில் ஆகிய மூன்றும் ஜெல்லைவிட நன்றாக வேலை செய்யும். இரவெல்லாம் வியர்க்கும் உடம்புவாகு உள்ளவர்களுக்கு நான் மெமரி ஃபோமைப் பரிந்துரைப்பதே இல்லை. ரப்பர் நுரையான லேட்டெக்ஸோ, ஸ்பிரிங்கின் மேல் மெல்லிய நுரை வைத்ததோ பார்க்கச் சொல்வேன். நீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பை மேலே போட்டு மூடிவிட்டு மெத்தை சுடுகிறது என்பதும் நியாயமில்லை. பாதுகாப்பு உறை அவசியம்தான், ஆனால் இழுத்தால் நீளும் மெல்லிய வகையாக இருக்கட்டும். விறைப்பான உறை, மேலே ஒரு தோல் போர்த்தியதுபோலாகி, நுரையை அமிழவே விடாது.

சுருட்டி, காற்றை உறிஞ்சி அடைத்து வரும் மெத்தையைப் பிரித்ததும் ஒரு நெடி வரும். தயாரிப்பில் மிச்சமிருக்கும் ஆவியாகும் சேர்மங்கள்தான் அது. ஜன்னலைத் திறந்துவைத்து ஓரிரு நாள் காயவிட்டால் பெரும்பாலும் போய்விடும். நுரை முழு உயரத்துக்கு எழவும் அந்த அவகாசம் வேண்டும். செர்ட்டிபியூர், ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 போன்ற சான்றுகள் இங்கேதான் உதவுகின்றன. நுரையில் ஃபார்மால்டிஹைடு, ஈயம், சில வகைத் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் முதலியவை அனுமதித்த அளவுக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பவை இவை. மெத்தை இத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு இந்தச் சான்றுகள் உத்தரவாதம் ஆகாது. சான்று எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சில மலிவு மெத்தைகளில் தீப்பிடிக்காமல் இருக்க உள்ளுறையில் கண்ணாடி இழை வைத்திருப்பார்கள். வெளியுறையில் ஜிப் இருக்கிறதே என்று கழற்றித் துவைக்கப் போட்டால் அந்த நுண்ணிழை அறை முழுக்கப் பறந்து தோலையும் கண்ணையும் உறுத்தும். சுத்தம் செய்து மாளாது. கழற்றலாம் என்று லேபிளில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் கழற்றுங்கள். கண்ணாடி இழை இருக்கிறதா என்று வாங்குமுன்பே கேட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைகளை மெமரி ஃபோமில் படுக்கவைக்கக் கூடாது. முகம் அமிழ்ந்தால் குழந்தையால் திரும்ப முடியாது. மூச்சுத் திணறும் ஆபத்து. அவர்களுக்கு வேண்டியது கெட்டியான, தட்டையான படுக்கை. பெரியவர்கள் படுக்கும் மெமரி ஃபோம் மெத்தையில் பக்கத்தில் போட்டுக்கொள்வதும் இதில் அடக்கம். முதியவர்களுக்கு வாங்கும்போது அவர்களையே விளிம்பில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். விளிம்பு சரிந்து கொடுத்தாலோ, உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியாவிட்டாலோ, எவ்வளவு நல்ல நுரையானாலும் அவர்களுக்கு அது வேண்டாம். படுத்த இடத்தில் புரண்டு திரும்பச் சொல்லியும் பாருங்கள். மெமரி ஃபோம் பள்ளத்திலிருந்து மேலேறிப் புரள முழங்கையில் பலம் வேண்டியிருக்கிறது.

கடையில் படுத்துப் பார்ப்பதென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாகத் தூங்கும் நிலையில், குறைந்தது 15 நிமிடம். கூச்சப்பட வேண்டாம். உட்கார்ந்து குலுக்கிப் பார்ப்பதில் மெமரி ஃபோமைப் பற்றி ஒன்றும் தெரியாது. உடம்புச் சூடு இறங்க நேரம் வேண்டும். இணையத்தில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் எவ்வளவு, திருப்பி எடுத்துப்போகும் செலவு யாருடையது, சுருட்டி வந்ததைத் திரும்பச் சுருட்டிக் கொடுக்க வேண்டுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைவிட அதிகமாக அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கட்டிலில் சட்டப் பலகைகள் என்றால் இடைவெளி 7, 8 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் நுரை இடுக்கில் பிதுங்கி, அடியிலிருந்தே குழி தொடங்கும். தரையில் நேராகப் போட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். மேலடுக்கு ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் இந்த மெத்தையைக் கவிழ்த்துப் போடக் கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடலாம்.

உத்தரவாத அட்டையில் வருடத்தைப் படிக்குமுன் குழியின் ஆழத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில், மேலே ஆள் இல்லாதபோது 2.5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ பள்ளம் தெரிந்தால்தான் குறைபாடு என்று ஏற்பார்கள். கறை பட்டிருந்தால் உத்தரவாதம் போச்சு, பொருத்தமில்லாத கட்டிலில் போட்டிருந்தாலும் போச்சு. பள்ளத்தை அளப்பது எளிது: விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலை நிறுத்தி அளக்க வேண்டும். மெத்தை வந்து முழுதாக எழுந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை இப்படி அளந்து, அளவுகோல் தெரிய ஒரு படம் எடுத்து, பில்லோடும் கட்டிலின் சட்டப் பலகைகள் தெரியும் இன்னொரு படத்தோடும் சேர்த்து வைத்துவிடுங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்.